கொல்லெயோனி குதிரையை, அதாவது வெனிஸில் நிற்கும் அந்தப் படைத்தலைவரின் வெண்கலக் குதிரைச் சிலையை, நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வெனிஸில் மழை விட்ட நேரம். அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தேன். எல்லோரும் கொல்லெயோனியின் முறைப்பைத்தான் சொல்வார்கள், எனக்கோ குதிரையின் இடது முன்கால்தான் இன்றுவரை கண்ணிலேயே நிற்கிறது. தூக்கிய குளம்பின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, தொங்கி, விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்போதுதான் உறைத்தது, அந்தக் காலுக்கு அடியில் எதுவுமே இல்லை. கிட்டத்தட்ட 4 மீட்டர் உயர வெண்கலம் மூன்றே காலில் நிற்கிறது. சிலையை வடித்த சிற்பி வெரோக்கியோ அதை உலோகமாகப் பார்க்காமலேயே 1488-இல் போய்ச் சேர்ந்தார். வார்த்துக் கொடுத்த லெயோபார்தி குதிரையின் வயிற்றுவாரில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

*

லெயோபார்தியை அப்படிச் சொல்லாதீர்கள். சிலைக்கான மாதிரியை வெரோக்கியோ செய்துவைத்தார், சரி. ஆனால் அதை வெண்கலத்தில் வார்த்து, 1496-இல் நிற்கவைத்தவர் லெயோபார்தி. பெயர் பொறிக்க அவருக்கும் உரிமை உண்டு.

நான் பார்த்தது பதுவாவில், டொனாடெல்லோ செய்த காட்டாமெலாட்டா என்ற படைத்தலைவரின் குதிரைச் சிலை. அதிலும் இடது முன்கால்தான் எழும்புகிறது, ஆனால் குளம்புக்குக் கீழே ஓர் உருண்டை. பீரங்கிக் குண்டு என்று மகளிடம் சொன்னேன். "அதை எடுத்துட்டா குதிரை விழுந்துடுமாப்பா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பழைய ரோமானியர்களுக்குப் பிறகு இத்தாலியில் இந்த அளவில் வெண்கலக் குதிரைவீரரை வார்த்து, இன்றும் நிற்பதில் இதுதான் மூத்தது, 1453. முட்டுக் கொடுக்காமல் டொனாடெல்லோ எப்படித் துணிவார்? முப்பது நாற்பது வருடம் கழித்து வெரோக்கியோ அந்தக் குண்டை எடுத்துவிட்டார். மகளுக்கான பதில் வெனிஸில் இருந்திருக்கிறது.

*

படகுக்கு நேரமாகிவிட்டதால் நான் கொல்லெயோனியைப் பார்த்தது ஐந்தே நிமிடம். ஆனாலும் சொல்கிறேன், நேர் எதிரே நின்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், சுற்றி வாருங்கள். குதிரை ஒரு பக்கம் போக, அவர் அங்கவடியில் காலை விறைப்பாக ஊன்றி எழுந்து, தோளை வேறு பக்கம் திருகியிருப்பது நடந்தால்தான் தெரியும். பைனாகுலர் கொண்டுபோங்கள், பீடம் உயரம், வயிற்றுவார் எழுத்து வெறுங்கண்ணுக்கு எட்டாது. பின்னாலுள்ள கட்டடத்தையும் பாருங்கள். சிலைக்குப் பணம் எழுதிவைத்த கொல்லெயோனி, புனித மாற்கு சதுக்கத்தில் வைக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். வெனிஸ் அரசு அதற்குப் பதிலாக, புனித மாற்கு பெயரிலிருந்த இந்தச் சங்கக் கட்டடத்தின் பக்கத்தில் வைத்தது. இப்போது அது மருத்துவமனை. நான் போன காலையில் கையில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் பீடத்தருகே நின்று, அந்தத் தூக்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.