படுக்கையறையில் ரெசின் வேலை: இமை அரிப்பு, தலைவலி – எதை முதலில் மாற்ற வேண்டும்?

கேள்வி

வணக்கம். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். சில மாதங்களாக, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் இறுகிவிடும் எப்பாக்சி ரெசினில் சாவிக்கொத்து, கோஸ்டர், திருமண மாலையின் பூக்களைப் பதித்த சட்டம் ஆகியவற்றைச் செய்து வருகிறேன். வேலை நடப்பது பத்துக்குப் பத்து அடி அளவுள்ள படுக்கையறையில். தூசி படியக் கூடாது என்பதாலும், காற்றில் ஈரம் மிகுந்தால் மேற்பரப்பு மங்கிவிடுகிறது என்பதாலும், சன்னல்களை மூடி ஏசியை ஓடவிட்டுத்தான் ஊற்றுகிறேன். ஊற்றிய அச்சுகள் இரவு முழுவதும் அலமாரியின் மேல் இறுகுகின்றன. அதே அறையில்தான் நானும் என் ஆறு வயது மகளும் உறங்குகிறோம்.

அண்மையில், வேலை செய்த நாட்களில் மாலையானால் தலை கனக்கிறது. கண் இமைகள் தடித்து அரிக்கின்றன. கையில் எந்த மாற்றமும் இல்லை, இமையில் மட்டும் ஏன் வருகிறது என்று விளங்கவில்லை. புட்டியில் ‘நச்சற்றது, மணமற்றது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே வாடை குறைவுதான். கையுறையும் என்95 முகக்கவசமும் அணிகிறேன். தோலில் பட்டால் அசிட்டோனால் துடைத்துவிடுகிறேன். வேலை முடிந்ததும் பால் குடித்து வெல்லம் சாப்பிட்டால் நெஞ்சில் படிந்தது இறங்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்த வேலையை விட எனக்கு மனமில்லை. காரணம் ரெசின்தானா? எதை முதலில் மாற்ற வேண்டும்?

மறுமொழி – வேதிப்பொருள் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றுபவர்

சகோதரி, அச்சுகளை இன்றே அந்த அறையிலிருந்து வெளியேற்றிவிடுங்கள். தோல் மருத்துவரைப் பார்க்கும் வரை புதிதாக எதையும் ஊற்ற வேண்டாம். நோயை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர்தான். ஆனாலும் வேலை செய்த நாளில் கூடுவதும், கையை விட்டுவிட்டு இமையில் வருவதும் எப்பாக்சி ஒவ்வாமையில் அடிக்கடி காணப்படுபவை. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. கையைக் கையுறை காக்கிறது. காற்றில் எழும் ஆவியும் நுண்துளிகளும் மறைப்பில்லாத முகத்தில்தான் படிகின்றன. கையுறையோடு கண்ணாடியைச் சரிசெய்வது, கைபேசியைத் தொட்டு அதைக் கன்னத்தில் வைப்பது ஆகியவையும் அதே இடத்துக்குப் பொருளைக் கொண்டு சேர்க்கும்.

இரண்டு புட்டிகளும் இரண்டு விதமானவை. ரெசின் புட்டியில் இருப்பது பெரும்பாலும் பிஸ்பீனால்-ஏ வகை எப்பாக்சி. அதை இளக்கமாக்க, எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகளையும் கலந்திருப்பார்கள். ரெசினை இறுகச்செய்யும் ஹார்டனர் புட்டியில் இருப்பவை அமீன்கள். அம்மோனியாவை நினைவூட்டும் லேசான நெடி அவற்றினுடையது. இரண்டுமே தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. சில ஹார்டனர்கள் சுவாசக் குழாயையும் பாதிக்கும். ஒவ்வாமை ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும், பிறகு மிகச் சிறிய அளவே போதும், உடல் எதிர்வினை காட்டிவிடும். சில மாதங்கள் எதுவுமே நேராமல் இருந்து திடீரென்று தொடங்குவது இதன் இயல்பு. ஆகவே ‘இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே’ என்பதை ஆறுதலாகக் கொள்ள முடியாது.

வாடையை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். சில நிமிடங்களில் மூக்கு ஒரு வாடைக்குப் பழகிவிடும். தீங்கு செய்யும் ஆவிகளில் சில மணப்பதே இல்லை. ‘நச்சற்றது’ என்ற சொல் பல நேரங்களில் முழுமையாக இறுகிய பொருளைப் பற்றியது, நீங்கள் கையாளும் திரவத்தைப் பற்றியது அன்று. விற்றவரிடம் இரண்டு புட்டிகளுக்கும் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேளுங்கள். பதினாறு பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் உங்களுக்கு முதன்மையானவை இரண்டாம் பகுதியும் எட்டாம் பகுதியும். இரண்டாம் பகுதியில் ‘எச்317’ என்றிருந்தால் தோல் ஒவ்வாமையையும், ‘எச்334’ என்றிருந்தால் சுவாச ஒவ்வாமையையும் அது குறிக்கும். தாளைத் தர மறுப்பவரிடம் பொருளை வாங்காமல் இருப்பதே நல்லது.

என்95 தூசியையும் நுண்துகளையும் வடிகட்டும். ஆவி அதன் இழைகளுக்கிடையே தடையின்றி நுழைந்துவிடும். தோலில் பட்ட ரெசினை அசிட்டோனால் துடைக்க வேண்டாம்: தோலின் இயற்கை எண்ணெயை அது நீக்கி, கரைந்த ரெசின் இன்னும் ஆழமாக இறங்க வழிசெய்துவிடும். முதலில் உலர்ந்த தாளால் ஒற்றியெடுத்து, பிறகு சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், மெல்லிய லேடெக்ஸ் போதாது.

பாலும் வெல்லமும் உணவுக் குழாய் வழியே வயிற்றுக்குப் போகின்றன. நுரையீரலுக்குள் போன ஆவியை அவை எட்டுவதே இல்லை. பெரியவர்கள் அக்கறையோடு சொல்வதை மறுத்துப் பேச வேண்டியதில்லை, ஆனால் அதை நம்பி வேலையைத் தொடரக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அச்சுகளை வெளியே எடுத்துவிட்டேன். மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். தரவுத்தாளும் கிடைத்தது, இரண்டு புட்டிகளுக்குமே எச்317 குறிக்கப்பட்டுள்ளது. மருத்துவர் அனுமதித்தால் இடத்தை எப்படி அமைப்பது? சன்னலைத் திறந்தால் தூசி விழும் என்பதே பெரிய சிக்கல். காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்கினால் போதுமா?

மறுமொழி – முதலில் பதிலளித்தவர்

சுத்திகரிப்பானில் முதன்மையாக இருப்பது துகள் வடிகட்டி. வீட்டுக் கருவிகளில் கரி அடுக்கும் இருக்கும், ஆனால் ரெசின் ஆவிக்கு நின்று பிடிக்கும் அளவுக்கு இருக்காது. ஸ்ப்ளிட் ஏசி அறையின் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி அனுப்புகிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. சீலிங் ஃபேன் ஆவியை அறை முழுவதும் பரப்பும். ஆகவே உங்களுக்கு வேண்டியது காற்றை வெளியே தள்ளும் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன்.

உங்கள் அறையின் கொள்ளளவு, உயரம் பத்தடி என்று கொண்டால், ஆயிரம் கன அடி. அதாவது ஏறத்தாழ 28 கன மீட்டர். மணிக்குப் பத்து முறையாவது காற்று மாற வேண்டும் என்று கணக்கிட்டால் மணிக்கு 280 கன மீட்டர் தள்ளும் விசிறி தேவை. பெட்டியில் அச்சிட்ட அளவு சன்னலில் பொருத்தியபின் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதால், அதைவிடக் கூடுதல் திறனுள்ளதை வாங்குங்கள். அதைச் சன்னலில் பொருத்தி, எதிர்ப்புறக் கதவைச் சிறிது திறந்துவையுங்கள். உள்ளே வர வழியில்லாவிட்டால் காற்று வெளியேயும் போகாது. வேலை மேசை விசிறியின் அருகிலும், நீங்கள் கதவின் பக்கமும் இருக்க வேண்டும். காற்று உங்கள் முதுகிலிருந்து வந்து, ரெசினைக் கடந்து, வெளியே போகும் வரிசை இது. முகத்தைக் கடந்து போகும்படி அமைத்தால் பயனில்லை. கதவிடுக்கில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடித்துப் பாருங்கள், அது அறைக்குள் சாய வேண்டும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல குடியிருப்புகளில் குளியலறை எக்ஸாஸ்ட், எல்லா வீட்டுச் சன்னல்களும் திறக்கும் நடுவெளிக்குள் காற்றைத் தள்ளுகிறது. ரெசின் ஆவியை அங்கே விட்டால் மேல்வீட்டில் உறங்கும் குழந்தைக்கு அது போய்ச் சேரும். விசிறி திறந்தவெளியை நோக்கியே இருக்க வேண்டும்.

தூசிக்கு எளிய வழி இருக்கிறது: ஊற்றி முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து அச்சை மூடிவிடுங்கள். டப்பாவை நீக்கும்போது சேர்ந்திருக்கும் ஆவி ஒன்றாக வெளிவரும் என்பதால், அந்த நேரத்திலும் விசிறி ஓடட்டும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வந்துவிடும். முழுமையாக இறுகப் பல வகைகளுக்கு ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை படுக்கையறையும் வேண்டாம், சமையலறையும் வேண்டாம். யூட்டிலிட்டி பால்கனி இருந்தால் அங்கே வையுங்கள்.

சென்னை வெயிலில் இன்னொரு ஆபத்து உண்டு. கலந்த ரெசினைக் கோப்பையில் நிறைய வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால், வினையின் வெப்பம் வெளியேற இடமின்றிக் கோப்பை கொதித்துப் புகையக்கூடும். அப்புகை சாதாரண ஆவியைவிடக் கடுமையானது. சிறு அளவாகக் கலந்து, உடனே அகலமான அச்சில் பரப்புங்கள். புகையத் தொடங்கிவிட்டால் அதன் மேல் குனியாமல், மகளை அழைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியேறுங்கள். மூச்சுத் திணறல் ஏற்பட்டால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

இவ்வளவும் அமைந்த பிறகே முகக்கவசம். தரவுத்தாளின் எட்டாம் பகுதியில் குறித்த வகைக் கார்ட்ரிட்ஜ் (ஆவியை உறிஞ்சும் கரி அடைத்த வடிகட்டி) பொருத்திய, மூக்கையும் வாயையும் மூடும் அரைமுக ரெஸ்பிரேட்டரை வாங்குங்கள். கரிம ஆவி, அமீன் இரண்டையும் தாங்கும் கூட்டு வகைகள் உண்டு. கார்ட்ரிட்ஜின் முகப்பை உள்ளங்கைகளால் மூடி மூச்சை இழுத்தால் கவசம் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உறையைப் பிரித்த நாளிலிருந்தே கரி, அறையில் கிடந்தாலும், ஆவியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கடற்கரை ஊரின் ஈரக்காற்று அதன் திறனை மேலும் குறைக்கும். வேலை முடிந்ததும் காற்றுப்புகாத உறையில் வையுங்கள். வாடை வந்தபின் மாற்றலாம் என்று காத்திருப்பது தவறு, வாடை தெரிந்தால் ஆவி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது.

மறுமொழி – கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவர்

இதே இழையில் என் ஐயத்தையும் கேட்க அனுமதியுங்கள். நவராத்திரிக்கு முன் பழைய காகிதக்கூழ் பொம்மைகளுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சைத் தின்னரில் கரைத்து அடிக்கிறோம்; தின்னர் நெடி வீடெங்கும் நிறைகிறது. அந்தக் கார்ட்ரிட்ஜ் எங்களுக்கும் பொருந்துமா?

மறுமொழி – முதலில் பதிலளித்தவர்

கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் தின்னருக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் மெத்தனால் கலந்த தின்னராக இருந்தால் அதை இந்தக் கரி சரியாகத் தடுக்காது. எனவே உள்ளடக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் வேலையில் சுவாசத்தோடு தீயையும் சேர்த்து எண்ண வேண்டும். தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் பக்கத்து அறையின் பூஜை விளக்கையோ அடுப்பையோ எட்டக்கூடும். மொட்டை மாடியில், விளக்கும் ஊதுபத்தியும் அருகில் இல்லாத இடத்தில் மட்டும் அடியுங்கள். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அங்கே இருக்கக் கூடாது. நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் காகிதக்கூழ் பொம்மைக்கு நன்றாகவே அமைகிறது, அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி கேட்டவர்

மருத்துவர் பேட்ச் டெஸ்ட் (பொருட்களைத் தோலில் ஒட்டி ஒவ்வாமையைக் கண்டறியும் சோதனை) எழுதியிருக்கிறார். அதில் எப்பாக்சியும் சேர்ந்திருக்கிறதாம். ஒவ்வாமை என்று வந்துவிட்டால், நல்ல ரெஸ்பிரேட்டரும் விசிறியும் வைத்துக்கொண்டு தொடர முடியுமா? அல்லது புற ஊதா ஒளியில் இறுகும் யுவி ரெசினுக்கு மாறிவிடலாமா?

மறுமொழி – முதலில் பதிலளித்தவர்

சோதனைக்குப் போகும்போது தரவுத்தாள்கள் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமான சோதனைத் தொகுப்பில் எப்பாக்சி ரெசின் இருந்தாலும் உங்கள் ஹார்டனரின் அமீன் இல்லாமல் போகலாம். முடிவு ஒவ்வாமை என்று வந்தால் திரவ எப்பாக்சியை முழுமையாக விட்டுவிடுங்கள். ரெஸ்பிரேட்டர் நெற்றியையும் இமையையும் கழுத்தையும் மூடாது, மேசை விளிம்பில் காய்ந்த ஒரு துளியைத் தொட்டாலே போதும். இறுகிய பொருளைத் தேய்ப்பதும் வேண்டாம், அந்தத் தூசியில் வினைபுரியாத ரெசின் எஞ்சியிருக்கும். யுவி ரெசின் இதற்கு மாற்றாகாது; அதிலுள்ள அக்ரிலேட்டுகளும் ஒவ்வாமையைத் தூண்டுவதில் சளைத்தவை அல்ல. உங்களிடம் உள்ள சிலிகான் அச்சுகள் வீணாகாது: அவற்றைச் சோப்பு நீரில் வேறொருவரைக் கொண்டு நன்றாகக் கழுவி, ஜிப்சம் பிளாஸ்டர் கரைத்து ஊற்றலாம். பொடியைக் கரைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு என்95 முகக்கவசமே போதுமானது.