மிட்ஜெட் காரின் அலோய் சில்லுகள் காஸ்ரிக்கில் கறுத்துப்போயின, மினுக்கி எடுக்கலாமா?

கனகராயன்குளத்தான்:

வணக்கம். என்னிடம் 1972 ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் ஒன்று இருக்கிறது. 1275 சி.சி., இரண்டே இருக்கை. கொழும்பில் இருந்த மாமாவின் கார். அவர் போன பிறகு மாமி, "நீயே கொண்டு போ, பார்க்கப் பார்க்க அழுகைதான் வருகுது" என்று திறப்பைத் தந்துவிட்டார். லொறியில் ஏற்றிக் கண்டி வீதியால் கொண்டுவந்து இறக்கியபோது அயல் வீட்டு அப்பு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கூரையை எங்க தம்பி விழுத்தினனீ?" என்று கேட்டார்.

கார் ஓடுகிறது. சில்லுகள்தான் பிரச்சினை. கூட வந்த றோஸ்ரைல் இரும்புச் சில்லுகளைக் கழற்றி வைத்துவிட்டு, பந்தயக் கார்களில் வரும் மினிலைட் சில்லு மாதிரி, எட்டு ஆரக்கால் உள்ள அலோய் சில்லுகளை மாமா போட்டிருந்தார். 13 அங்குலம், உதிரியோடு ஐந்து. மேலே பூசிய கிளியர் லக்கருக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடியிருந்தன, கறையான் ஏறிய கதவு மாதிரி.

லக்கரைக் கழற்ற ஒரு வேலைத்தளத்துக்குக் கொண்டு போனேன். எஞ்சின் புளொக்குகளை ஊறப்போடுகிற தொட்டி ஒன்று அங்கே இருக்கிறது. "அரை மணித்தியாலம் போதும்" என்றார்கள். இரண்டு சில்லைப் போட்டோம். அது காஸ்ரிக் சோடா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதனால் என்ன என்றுதான் நினைத்திருப்பேன். அவர்கள் சாப்பிடப் போனார்கள், நானும் போனேன். திரும்பி வர, தொட்டி சோற்றுப்பானை பொங்குவதுபோல நுரை தள்ளிக்கொண்டு நிற்கிறது. தூக்கினால் சில்லு அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுப்பு. தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. கரிக்குக் கீழே பலாக்காய்த் தோல் போலச் சொரசொரப்பு. சண்டை பிடித்து என்ன பயன்? காசு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆவணியில் தங்கைக்குக் கலியாணம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் இந்தக் காரில்தான் போவார்கள் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆறு கிழமை இருக்கிறது. என்னிடம் அரை அங்குல ட்ரில் ஒன்று, நாலரை அங்குலக் கிரைண்டர் ஒன்று, சின்னக் கம்பரசர் ஒன்று உண்டு. முகம் பார்க்கிற மாதிரி மினுக்க முடியுமா? அல்லது வெள்ளிப் பெயின்ற் அடித்து மறைத்துவிடவா?

பரந்தன் லேத்:

தம்பி, மினுக்குவதைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் அந்த இரண்டும் ஓடுகிற நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

என் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது. அவர் வீட்டில் சொல்லும் முதல் பாடம், அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்ரிக்குக்குக் கிட்டக் கொண்டு போகாதே என்பதுதான். காஸ்ரிக் வார்ப்பிரும்பை ஒன்றும் செய்யாது, அதனால்தான் புளொக் கழுவப் பாவிக்கிறார்கள். அலுமினியத்தை அது தின்றுவிடும். நீங்கள் பார்த்த நுரை ஐதரசன் வாயு. நல்ல காலம், பக்கத்தில் ஒருவரும் பீடி பற்றவைக்கவில்லை. சில்லு வார்க்கும் அலுமினியக் கலவையில் சிலிக்கன் சேர்ந்திருக்கும். காஸ்ரிக் அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு போக, கரையாத சிலிக்கனும் மற்ற உலோகத் துகளும் கரியாக மேலே நிற்கும்.

இப்போதே செய்ய வேண்டியது: நிறையத் தண்ணீரில் தூரிகை போட்டுக் கழுவுங்கள். வால்வுத் துளை, நட்டுத் துளை, ஆரக்காலின் பின்பக்க மூலை, ஒன்றையும் விடக்கூடாது. பிறகு வினாகிரி கலந்த தண்ணீரால் ஒரு தரம் கழுவி, திரும்பவும் நல்ல தண்ணீர். உள்ளே காஸ்ரிக் நின்றால் மாதக்கணக்கில் தின்றுகொண்டே இருக்கும்.

அடுத்தது, காஸ்ரிக் படாத சில்லோடு ஒப்பிட்டு வேர்ணியரால் அளவுங்கள். நட்டு இருக்கும் துளை, ஹப்பில் (சில்லைப் பூட்டும் நடுப்பாகம்) பொருந்தும் முகம், ரயரின் விளிம்பு குந்தும் இடம், இந்த மூன்றும்தான் முக்கியம். ஆரக்காலில் அரை மில்லிமீற்றர் போனால் அழகு மட்டும்தான் போகும். நட்டுத் துளை அகன்றால் சில்லே கழன்று போகும். அகன்ற துளைக்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. மினிலைட் முதலில் வந்தது மக்னீசியத்தில். பிறகு வந்தவையும் அதன் சாயலில் செய்தவையும் பெரும்பாலும் அலுமினியம். காஸ்ரிக்கில் இப்படிப் பொங்கியதென்றால் உங்களுடையது அலுமினியம்தான், மக்னீசியம் காஸ்ரிக்குக்கு அசையாது. ஆனாலும் மற்ற மூன்றும் அதே செற்தானா என்று பாருங்கள். பின்பக்கத்தில் கொஞ்சம் சுரண்டி ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள். உடனே சீறினால் மக்னீசியம். அதைக் கிரைண்டரால் தொடக் கூடாது. அந்தத் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது, இன்னும் மோசமாகும். காய்ந்த மணல்தான் போட வேண்டும்.

மொறிஸ்காரன், புதுக்குடியிருப்பு:

லேத்காரர் சொன்னதெல்லாம் சரி. நான் கையால் செய்யும் வேலையைச் சொல்கிறேன்.

கிரைண்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் சாமான் அது. அலுமினியத்தில் ஒருதரம் வழுக்கினால் விழும் பள்ளத்தை எடுக்க இரண்டு நாள் உரஞ்ச வேண்டும். ட்ரில் போதும். ரயரைக் கழற்றாமல் தொடங்கவும் வேண்டாம். ஈயக் கட்டி, வால்வு எல்லாம் கழற்றுங்கள்.

வோட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டு உரஞ்சும் கடதாசி, நம்பர் கூடக்கூட மெல்லிசு) 180 இல் தொடங்கி 240, 320, 400, 600, 800, 1000 என்று ஏறுங்கள். கண்ணாடி மாதிரி வேண்டுமென்றால் 1500, 2000. ஒரு நம்பரில் குறுக்கே உரஞ்சினால் அடுத்த நம்பரில் நெடுக்கே. முன்னைய கோடு முழுதும் மறையும் வரை அடுத்த கடதாசிக்குப் போகாதீர்கள். எல்லோரும் பிழை விடுவது இங்கேதான். 240 இல் பொறுமை இழந்தவன் 2000 இல் மினுங்குகிற கோடுகளைப் பார்த்து அழுவான்.

தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய் தொட்டு உரஞ்சுங்கள். அலுமினியம் கடதாசியில் அப்பாது, வெட்டும் நன்றாக இருக்கும். கையால் உரஞ்சும்போது மட்டும்தான் இது. ட்ரில், பொறி, அடுப்பு எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. மண்ணெண்ணெயைப் பற்றி எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் என் மொறிஸ் மைனர் குடித்ததெல்லாம் அதுதான். காபரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வருகிறவனுக்குக் கண் எரியும்.

கடதாசி முடிந்த பிறகு ட்ரில்லில் பருத்தித் துணிச் சில்லு மாட்டுங்கள். நான் பழைய வேட்டியை வட்டமாக வெட்டி, இருபது மடிப்பு அடுக்கித் தைத்தேன். முதலில் மண்ணிறப் பொலிஷ் கட்டி, பிறகு வேறு துணியில் வெள்ளைக் கட்டி. துணியை மாறிப் பாவிக்காதீர்கள், இரும்பு மினுக்கிய துணியைக் கிட்டவும் கொண்டு வராதீர்கள். கடைசியில் கறுப்புப் பிசுக்கு ஒன்று துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும். கோதுமை மாவைத் தூவி, காய்ந்த துணியால் துடையுங்கள். மா அந்தப் பிசுக்கை இழுத்துவிடும். மனிசி கேட்டால் ரொட்டிக்கு எடுத்ததென்று சொல்லுங்கள்.

ஒரு சில்லுக்கு எட்டு, பத்து மணித்தியாலம் போகும். வெறுத்துப்போனால் சொல்லுங்கள். மைனருக்கும் மிட்ஜெட்டுக்கும் ஒரே நாலு நட்டு, அந்த நட்டுகள் இருக்கும் வட்டமும் ஒரே நாலு அங்குலம்தான். நான் எடுத்துக்கொள்கிறேன்.

முல்லைக்கரை:

ஏன் இவ்வளவு பாடு? கம்பரசர் காற்றோடு ஆற்று மணலை அடித்து பிளாஸ்ற் பண்ணி, மேலே குரோம் ஸ்பிரே அடித்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும்.

பரந்தன் லேத்:

முல்லைக்கரைத் தம்பி, ஆற்று மணல் அலுமினியத்தைக் கொத்திப்போடும், அந்தத் தூசி சுவாசப்பையையும் கொத்திப்போடும். குரோம் ஸ்பிரே முதல் மழைக்குச் சாம்பல் நிறமாகும். கலியாண வீட்டுப் படம் காலத்துக்கும் இருக்கும்.

வவுனியா பெயின்ற் அக்கா:

எங்கள் கடையில் கலர் கலக்குவது நான்தான். தம்பிக்கு ஒரு யோசனை. எட்டு ஆரக்காலையும் கண்ணாடியாக்க நினைக்காதீர்கள். அந்த மூலைகளுக்குள் விரலும் போகாது, ட்ரில்லும் போகாது. நடுப்பகுதிக்குக் கடும் சாம்பல் அல்லது வெள்ளி நிறம் அடித்து, வெளி விளிம்பை மட்டும் மினுக்குங்கள். இந்த மாதிரிச் சில்லுக்கு அது பொருந்தும். காஸ்ரிக் தின்ற சொரசொரப்பும் பெயின்றுக்குக் கீழே போய்விடும்.

சாதாரண பிறைமர் அலுமினியத்தில் பிடிக்காது. உலோகத்தைக் கொஞ்சம் அரித்துப் பிடிக்கிற எச் பிறைமர் மெல்லிசாக ஒன்று, அதன் மேல் கலர், அதன் மேல் லக்கர். ரூ-கே லக்கர் (இறுக வைக்கும் மருந்து கலந்து அடிப்பது) என்றால் தூசி மாஸ்க் போதாது, அதற்குரிய வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். உங்களிடம் அது இல்லாவிட்டால் எங்களிடமோ வேறு கடையிலோ கொடுங்கள். இதை விற்பனைக்காகச் சொல்லவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹப்பில் பொருந்தும் முகத்திலும் நட்டு இருக்கும் இடத்திலும் பெயின்ற் படவே கூடாது, ரேப் ஒட்டி மறையுங்கள். பெயின்றின் மேல் நட்டை இறுக்கினால் ஓட ஓடப் பெயின்ற் நசிந்து நட்டு தளரும்.

மினுக்கிய விளிம்புக்கு லக்கர் வேண்டாம். கண்ணாடி போன்ற அலுமினியத்தில் அது சரியாகப் பிடிக்காது. ஒரு கல்லுப் பட்டால் போதும், அந்த இடத்தால் உப்பும் ஈரமும் இறங்கி, நீங்கள் சொன்ன கறையான் கோடு திரும்பவும் ஓடும். வெறுமனே விட்டு மெழுகு பூசுங்கள். மங்கினால் பத்து நிமிடம் மினுக்கலாம். கிணற்றுத் தண்ணீரால் கழுவிவிட்டு வெயிலில் காய விடாதீர்கள், வெள்ளைப் பொட்டு விழும்.

கனகராயன்குளத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஆறு கிழமை முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தும் அலுமினியம். வினாகிரிக்கு ஒன்றும் அசையவில்லை. காஸ்ரிக்கில் கிடந்த இரண்டில் ஒன்று தப்பியது. மற்றதில், தொட்டியின் அடியில் கிடந்த பக்கம் போலிருக்கிறது, இரண்டு நட்டுத் துளை ஒரு மில்லிமீற்றருக்கு மேல் அகன்றுவிட்டது. நட்டைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. ஒதுக்கிவிட்டேன். உதிரிச் சில்லை முன்னுக்கு எடுத்து, உதிரிக்கு மாமாவின் றோஸ்ரைல் ஒன்றைத் துரு சுரண்டி வைத்தேன்.

விளிம்பு மட்டும்தான் மினுக்கினேன். முதல் சில்லுக்கு இரண்டு முழு நாள். 320 இல் சரியென்று நினைத்து மேலே போய், 1000 இல் ஒரு நீளக் கோட்டைக் கண்டு, திரும்பவும் 240 க்கு இறங்கினேன். மொறிஸ்காரர் ஐயாவை நினைத்துக்கொண்டேன், நல்ல சொல்லால் அல்ல. நாலாவது சில்லு அரை நாளில் முடிந்தது. இடது பெருவிரல் நகம் பாதி தேய்ந்துபோயிற்று. சோளகம் அடித்த நாட்களில் முற்றத்தில் வேலை செய்ய முடியவில்லை, ஒரு மணல் துணிக்கை துணியில் ஏறினால் விளிம்பு முழுக்கக் கீறல். பிறகு மாட்டுக்கொட்டிலைக் கழுவி அதற்குள் இருந்தேன். மா தூவித் துடைத்தது மந்திரம் மாதிரி. அம்மா கண்டுவிட்டா, ரொட்டிக் கதை எடுபடவில்லை.

நடுப்பகுதிக்கு அக்கா சொன்ன கடும் சாம்பல், கடையில் கொடுத்தே அடித்தேன். ஹப் முகத்தில் மெல்லிய கிறீஸ் தடவி, நட்டுகளை 45 இறாத்தல்-அடிக்கு இறுக்கினேன். நூறு கிலோமீற்றர் ஓடித் திரும்பப் பார்த்தபோது ஒன்று கால் சுற்றுக் கேட்டது.

கலியாணத்தன்று முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். தங்கை இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன் சில்லுக்குக் குனிந்து பொட்டைச் சரிசெய்தாள். படம் எடுத்தவர் அதைத்தான் எடுத்தார். வீடு திரும்பும்போது நாலு சில்லும் செம்மண்.

மொறிஸ்காரர் ஐயா, ஒதுக்கின சில்லைக் கேட்காதீர்கள், தர மாட்டேன். அது ஓட்டத்துக்கு உதவாது. அதோடு, அம்மா அதைக் குசினி மூலையில் கவிழ்த்துப் போட்டு மேலே தண்ணீர்ப் பானையை வைத்துவிட்டா. பானை ஆடாமல் இருக்கிறதாம்.