வியூஃபைண்டர்: இரண்டு கமராவுக்கும் ஒரே சொல்லா?

யாழ்ப்பாணம், கைநூல் தொகுப்பவர்:
எல்லாருக்கும் வணக்கம். பிலிம் கமரா பழக வாற பிள்ளைகளுக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேணும். ஒரு பக்கம் மட்டும் இழுபடுது. 1954இல் வந்த லைக்கா எம்3 என்ற ரேஞ்ச்ஃபைண்டரையும் 1959இல் வந்த நிக்கோன் எஃப் என்ற ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமராவையும் (எஸ்.எல்.ஆர்.) ஒப்பிடுகிற பக்கம். கண்ணை வைச்சுப் படத்தை அமைக்கிற வியூஃபைண்டருக்குக் "காட்சிகாணி", தூரம் பார்த்துக் குவியம் பிடிக்கிற ரேஞ்ச்ஃபைண்டருக்குத் "தூரங்காணி" என்று போட்டிருக்கிறன். சரிதானே?

பருத்தித்துறை:
தம்பி, தூரங்காணி எண்டால் இஞ்சை ஆரும் கமராவை நினைக்கமாட்டினம். உறுதி ஆற்றை பேரிலை, வேலி எங்கை எண்டுதான் கேப்பினம்.

மதுரை:
காணி வேண்டாம் என்றால் தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் "காட்சிநோக்கி" இருக்கட்டுமே. அதோடு "தெறிப்பு" எதற்கு? எங்கள் பக்கம் அதைப் படிப்பவர்கள் கண்ணாடி உடைந்து தெறித்ததாக நினைப்பார்கள். எதிரொளிப்பு என்பதே சரி.

கரவெட்டி, பௌதிகவியல் ஆசிரியை:
ஐயா, எங்கள் பாடப்புத்தகத்தில் தொலைகாட்டி, நுணுக்குக்காட்டி, ஒளித்தெறிப்பு. அதை விடுவோம். இரண்டு கமராவிலும் நாங்கள் பார்ப்பது ஒன்றையல்ல. தெறிப்புக் கமராவில் வில்லைக்குள்ளால் வரும் ஒளி சரிந்து நிற்கும் ஆடியில் தெறித்து, மேலே இருக்கும் தேய்த்த கண்ணாடியில் விம்பமாக விழுகிறது. ஐங்கோண அரியம் அதை இடம் வலம் மாறாமல் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. படம் எடுக்கும் கணத்தில் ஆடி மேலே போய்விட, ஒன்றும் தெரியாது.

ரேஞ்ச்ஃபைண்டரில் படமெடுக்கும் வில்லைக்கும் கண்ணுக்கும் தொடர்பே இல்லை. ஒரு கண்ணாடித் துளைக்குள்ளால் ஆளை நேரே பார்க்கிறோம். படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக்கோட்டுக்கு வெளியே யார் நடந்து வருகிறார் என்பதும் தெரியும். நடுவில் இரட்டையாய்த் தெரியும் உருவம் ஒன்றாய்ப் பொருந்தினால் குவியம் சரி. ஆனால் கிட்ட நின்று எடுத்தால் இடமாறு தோற்ற வழு வரும்: கண் பார்ப்பதும் வில்லை பார்ப்பதும் சற்று விலகிவிடும். வில்லை மூடியைக் கழற்ற மறந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தெறிப்புக் கமராவில் இருப்பதற்குக் காட்டி, ரேஞ்ச்ஃபைண்டரில் இருப்பதற்கு யன்னல்.

ரொறன்ரோ:
ரீச்சர், காட்டிக்கு வள்ளுவரே சாட்சி: "அடுத்தது காட்டும் பளிங்குபோல்." அரியமும் பளிங்குதானே! ஆனால் யன்னல் போர்த்துக்கீசச் சொல். சிலம்பில் "மான்கட் காலதர்" இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மான் கண் போன்ற சாளரம். கமராவில் போவது காற்றல்ல, ஒளி. எனவே "ஒளியதர்". வாய்க்காலில் இருப்பதும் இந்தக் கால்தானா என்று நெடுநாளாக யோசிக்கிறேன். யாராவது சொல்லுங்கள்.

கோப்பாய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வாய்க்காலைப் பிறகு பார்ப்போம். கதிரை, அலுமாரி, அலவாங்கு எல்லாமும் போர்த்துக்கீசர் விட்டுப்போனவைதான். அவற்றையும் வெளியே எறியவா? "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். ஒளியதர் அழகான சொல். ஆனால் அதை விளக்க இன்னொரு கைநூல் வேண்டும்.

பருத்தித்துறை:
எங்கடை ஸ்ரூடியோவிலை "வியூஃபைண்டருக்குள்ளாலை பார்" எண்டுதான் இவ்வளவு காலமும் சொன்னது. படம் பிழைச்சதில்லை.

ரொறன்ரோ:
அண்ணை, அப்படியே விட்டால் தமிழில் வினை மட்டும்தான் மிஞ்சும்.

தொகுப்பவர்:
நாள் முடிஞ்சுது. கூடுதலான ஆக்கள் "காட்டி" பக்கம் நிக்கினம், அல்லது களைச்சுப்போச்சினம். இரண்டு கமராவுக்கும் "காட்சிகாட்டி", முதல்முறை வரும் இடத்தில் வியூஃபைண்டர் என்றும் சேர்த்து. ரேஞ்ச்ஃபைண்டரை அப்படியே விடுறன். மதுரை ஐயா மன்னிக்கவேணும், தெறிப்பு இருக்கும்.

கரவெட்டி:
எனக்கு உடன்பாடில்லை. எம்3இல் 50 மி.மீ. வில்லையைக் கழற்றி தூரத்தை எடுக்கும் 135 மி.மீ. வில்லையைப் போட்டால் காட்சி அப்படியே நிற்கிறது, உள்ளே சிறிய சட்டக்கோடு ஒன்றுதான் கூடுதலாய்த் தோன்றுகிறது. நிக்கோனில் விம்பமே பெருக்கிறது. இரண்டையும் காட்சிகாட்டி என்று படித்த பிள்ளை இதை எப்படி விளங்கும்? வகுப்பில் நான் யன்னல் என்றுதான் சொல்லுவேன்.

தொகுப்பவர்:
ரீச்சர், கோப்பு அச்சகத்துக்குப் போயிட்டுது. இரண்டாம் பதிப்பு வந்தால் பார்ப்பம்.