கீழவாசல் வீடு – 30 டிசம்பர் 2023, சனி

மாலை 6:42

தீபா: கார்த்தி, ஒரு உதவி. பொங்கலுக்கு ஒரு புது கேம் வேண்டும் என்று முகில் நச்சரிக்கிறான். புதிதாக வந்ததெல்லாம் 4,999 ரூபாய் போட்டிருக்கிறது. வருடம் முழுக்க ஆடியவன் நீ. எதை வாங்கலாம் என்று சொல்லு.

அருண்: ஸ்பைடர்மேன் 2. இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா?

தீபா: அருண், உன்னைக் கேட்கவில்லை. நீ போன வருடமும் ஸ்பைடர்மேன்தான் சொன்னாய்.

கார்த்திக்: அருண் சொல்வது தப்பில்லை அக்கா. கட்டடங்களுக்கு நடுவே வலைச் சிறகை விரித்துப் பறக்கும்போது கிடைக்கும் சுகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் கதை முடிந்த பிறகு அது மனதில் தங்கவில்லை. வாங்குவதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். இந்த வருடம் பெரிய கேம்கள் அவ்வளவு நன்றாக இருந்தன. அதனாலேயே நல்ல சின்ன கேம்கள் பல கவனிக்கப்படாமல் போய்விட்டன. அதுதான் எனக்கு ஆதங்கம்.

அம்மா: முதலில் கீழே வந்து காபி குடி. ஆறிவிட்டது.

மாலை 7:10

கார்த்திக்: வந்துவிட்டேன். சரி, பெரியதிலிருந்து தொடங்குகிறேன். பால்டர்ஸ் கேட் 3. என் கணக்கில் இந்த வருடத்தின் பெரிய கேம் அதுதான். போட்டிக்குப் பக்கத்தில்கூட வேறு எதுவும் இல்லை. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் இருக்கும் லேரியன் செய்தது. 2020 அக்டோபரிலேயே முதல் பகுதியை மட்டும் வெளியே விட்டு, ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டுக் கிட்டத்தட்ட மூன்று வருடம் செதுக்கினார்கள். 7 டிசம்பர் தி கேம் அவார்ட்ஸ் விருது விழாவில் இந்த ஆண்டின் சிறந்த கேம் என்று அறிவித்தபோது ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் தலைவர் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

தீபா: முகில் ஆடலாமா?

கார்த்திக்: கூடாது அக்கா. அது 18 வயதுக்கு மேல். நீங்களும் அத்தானும் ஆடலாம், திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆடும் வசதி இருக்கிறது. ஆனால் 150 ஜிபி இடம் வேண்டும். எனக்கு இறங்கவே மூன்று ராத்திரி ஆனது.

அருண்: அதில் எல்லாவற்றுக்கும் பகடை உருட்ட வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

கார்த்திக்: பகடைதான்டா உயிர். ஒரு இடம் சொல்கிறேன். காட்டுப் பாதையில் ஒரு நாய் நிற்கும். பக்கத்தில் அதன் எஜமானர் கிடப்பார். இறந்துவிட்டார். நாய்க்கு அது புரியவில்லை, காவல் இருக்கிறது. கிட்டப் போனால் உறுமும். விலங்கோடு பேசும் மருந்தைக் குடித்திருந்தால் அதனோடு பேசலாம். இல்லாவிட்டால் இருபது முகப் பகடையை உருட்டி, அதைச் சமாதானப்படுத்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் கையை நீட்டி என் வாசனையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி முகாமில் படுக்கப் போகும்போது அது தானாக வந்து நின்றது. அந்த நாயைப் பார்க்காமலே முழு ஆட்டத்தையும் முடித்துவிடலாம். கண்ணில் படாமலே போகக்கூடிய இடத்துக்கும் அவ்வளவு உழைத்திருக்கிறார்கள்.

அம்மா: நம் மணியும் அப்படித்தான். உங்கள் தாத்தா போன பிறகு பதினைந்து நாள் திண்ணையை விட்டு எழவில்லை.

சுமதி அத்தை: ஆமாம் அண்ணி. நான்தான் மோர்ச்சோறு வைப்பேன். தொடாது.

கார்த்திக்: இது எனக்குத் தெரியாதே அம்மா.

இரவு 7:38

அருண்: சரி, செல்டாவைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே.

கார்த்திக்: செல்டா வரிசையில் புதிதாக வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டம். மே 12 வந்தது, மூன்றே நாளில் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முகில் பெங்களூரில் அருண் அறையில் அதை ஆடினானே, அதை நான் மறக்கமாட்டேன். பள்ளத்தைத் தாண்ட எல்லோரும் சுற்று வழி தேடுவார்கள். அவன் மரங்களாக வெட்டி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டே போனான். பாலம் பாதியில் வளைந்து தொங்கியது. அப்படியும் நடந்தே கடந்துவிட்டான். எந்த வழியில் போனாலும் அந்த கேம் "தப்பு" என்று சொல்வதே இல்லை. 2017-இல் வந்த சின்னக் கருவியில் இவ்வளவு செய்திருக்கிறார்கள்.

தீபா: அது நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில்தானே வரும். எங்களிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 5, பிஎஸ்5.

கார்த்திக்: ஆமாம். அதனால்தான் சின்ன கேம்களுக்கு வருகிறேன். முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3 கணினியில் ஆகஸ்ட் 31 வருவதாக இருந்தது. இன்னொரு பெரிய விண்வெளி கேமான ஸ்டார்ஃபீல்டு செப்டம்பர் 6 என்று தெரிந்ததும் ஆகஸ்ட் 3-க்கு முன்னால் தள்ளிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஆளே வழி விடுகிறான். சின்னவர்கள் எங்கே போவார்கள்? மூன்று சின்ன கேம்கள் வந்த தேதிகளைப் பாருங்கள்.

வெண்பா ஜூலை 31. மூன்று நாளில் பால்டர்ஸ் கேட்.
சாண்ட்ஸ் ஆஃப் சென்னார் செப்டம்பர் 5. மறுநாள் ஸ்டார்ஃபீல்டு, அதே மறுநாள் பிஎஸ்5-இல் பால்டர்ஸ் கேட்.
ஜூசான் அக்டோபர் 31. நான்கு நாள் முன்புதான் ஆலன் வேக் 2 என்ற பெரிய கேம்.

சுமதி அத்தை: வெண்பாவா? அது என்ன விளையாட்டு?

கார்த்திக்: அத்தை, ஆகஸ்டில் ஒரு ராத்திரி போன் செய்து இட்லித் தட்டை எப்படி அடுக்க வேண்டும் என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? இதற்குத்தான்.

சுமதி அத்தை: நீ சமைக்கத் தொடங்கிவிட்டாய் என்று நினைத்து அண்ணியிடம் வேறு சொன்னேன்.

கார்த்திக்: கனடாவில் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 1988-இல் அங்கே போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா பெயர் வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் கறை படிந்தும் இருக்கிறது. காணாமல் போன வரியை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. மேல் தட்டின் குழி கீழ்த் தட்டின் இட்லிக்கு நேராக வரக்கூடாது, மாற்றி வைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களே, அதேதான் அங்கே புதிர்.

சுமதி அத்தை: நேராக வைத்தால் ஆவி மேலே ஏறாது தம்பி. மேல் தட்டு கீழே உள்ளதை அமுக்கியும் விடும். எங்கள் மாமியார் சொல்லிக் கொடுத்தது.

கார்த்திக்: அதை ஒரு விளையாட்டுக்குள் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது அத்தை. அடுத்த கட்டத்தில் வெண்பா பையனுக்காகப் புட்டு செய்ய நிற்கிறாள், அவன் பீட்சா வேண்டும் என்கிறான். அவள் குரலை உயர்த்தவில்லை. அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். "இவ்வளவுதானா" என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. வானொலியில் வரும் பாட்டுகளைக்கூட ஒவ்வொரு காலத்துத் தமிழ் சினிமா இசை போலவே புதிதாகச் செய்திருக்கிறார்கள். அக்கா, முகிலோடு நீங்களும் உட்கார்ந்து ஆடுங்கள். ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

தீபா: இதை எழுதி வைத்துக்கொண்டேன்.

இரவு 8:20

அருண்: ஜூசான் நானும் ஆடினேன். மலை ஏறுவதுதான். வலது கைக்கு ஒரு பொத்தான், இடது கைக்கு ஒரு பொத்தான். ஒரு கை பிடித்த பிறகுதான் மறு கையை விட வேண்டும். நன்றாகத்தான் இருந்தது.

கார்த்திக்: அதில் பேச்சே இல்லை, சண்டையும் இல்லை. கயிறும் பாறையும் காற்றும்தான். முகிலுக்கு நிச்சயம் பிடிக்கும். டிரெட்ஜ் என்ற மீன்பிடிக்கும் கேமும் பிடிக்கும், ஆனால் ராத்திரிக் கடல் கொஞ்சம் பயமாக இருக்கும். இரண்டு வருடம் கழித்துக் கொடுங்கள்.

அருண்: அந்த இந்தோனேசியாக் கதையைச் சொல்லேன். எனக்கு அனுப்பினாயே.

கார்த்திக்: எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட். ஜாவாவில் சுரபயா நகரத்துக்காரர்கள் செய்தது, ஜனவரியில் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூடம் முடிக்கப் போகும் ஒரு பையனும் பெண்ணும். தெருவில் திரியும் பூனைகளுக்கு நாமே பெயர் வைக்கலாம். அந்த ஊரின் சின்னக் கடைகளையும் வெயிலையும் பார்த்தால் நம் தெருவில் நிற்பது போலவே இருந்தது. கடைசிப் பகுதி கனமானது. அருண் ஆடு, அக்கா முகிலுக்கு வேண்டாம்.

தீபா: சரி. இவ்வளவு சொல்கிறாயே, உனக்கு எது முதல்?

கார்த்திக்: சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்.

அருண்: பால்டர்ஸ் கேட்டையும் தாண்டியா?

கார்த்திக்: தலைக்கு பால்டர்ஸ் கேட். மனதுக்கு இதுதான். பிரான்சில் துலூஸ் நகரத்தில் ரண்டிஸ்க் என்ற குட்டி நிறுவனம் செய்தது. பைபிளில் வரும் பாபேல் கோபுரக் கதையை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். பிரம்மாண்டமான ஒரு கோபுரம். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மொழி, தனி எழுத்து. நமக்கு எதுவும் தெரியாது. சுவரில் எழுதியிருப்பதையும் அவர்கள் கையசைப்பதையும் பார்த்து, இந்தக் குறிக்கு இதுதான் பொருளாக இருக்கும் என்று ஊகித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் இருக்கும் எல்லாக் குறிகளும் சரியாக அமைந்தால்தான் "சரி" என்று சொல்லும். அதுவரை நம் ஊகம்தான் நமக்குத் துணை. நடுவே காவலர் கண்ணில் படாமல் பதுங்கிப் போகும் இடங்கள் வருகின்றன, அவை எனக்குப் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் தங்கம்.

தீபா: செப்டம்பர் 5 என்றால் ஆசிரியர் தினத்தன்று வந்திருக்கிறது!

கார்த்திக்: ஆமாம் அக்கா! அன்றைக்கு என் நண்பர்கள் எல்லோரும் ஸ்டார்ஃபீல்டில் இருக்கும் ஆயிரம் கிரகங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இதை ஒரு வாரம் கழித்துத்தான் திறந்தேன். இதைப் பற்றிப் பேச எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

பெரியப்பா: நான் இருக்கிறேனே.

கார்த்திக்: பெரியப்பா, இன்னும் தூங்கவில்லையா?

பெரியப்பா: கிறிஸ்துமஸ் அன்று உன் லேப்டாப்பில் காட்டிக் கொடுத்துவிட்டு நீ வெளியே போய்விட்டாய். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் உட்கார்கிறேன். இதைப் பாருங்கள்.

(படம்: கோடு போட்ட நோட்டுப் புத்தகம். இடது ஓரத்தில் நீல மையில் குறிகள், எதிரே தமிழில் பொருள். சில பொருள்கள் அடித்துத் திருத்தப்பட்டிருக்கின்றன. இரண்டின் பக்கத்தில் கேள்விக்குறி.)

தீபா: பெரியப்பா!!

அருண்: இதை எப்போது எழுதினீர்கள்?

பெரியப்பா: தந்தி ஆபீஸில் சேர்ந்த புதிதில் மோர்ஸ் குறியீடு படித்தபோது இப்படித்தான் நோட்டுப் போட்டேன். கருவியில் எழுதினால் எனக்கு நிற்காது. கையால் எழுதினால்தான் மனதில் ஏறும். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்திய பிறகு இப்படி ஒரு நோட்டு போடுவேன் என்று நினைக்கவில்லை.

பெரியப்பா: முதல் தளத்து ஆட்கள் பன்மைக்கு ஒரே குறியை இரண்டு முறை போடுகிறார்கள். நாம் வீடு வீடாக, ஊர் ஊராக என்பதில்லையா, அது மாதிரி. அது உடனே பிடிபட்டது. மூன்றாம் தளத்தில்தான் இரண்டு நாள் திணறினேன். செயப்படுபொருளை முதலில் வைக்கிறார்கள். "புத்தகத்தை அவன் எடுத்தான்" என்று நாமும் சொல்வோம். ஆனால் நமக்கு "ஐ" உருபு இருக்கிறது, சொல்லை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது. அவர்களுக்கு உருபு இல்லை. இடத்தை வைத்துத்தான் யார் எடுத்தான், எதை எடுத்தான் என்று தெரிய வேண்டும்.

கார்த்திக்: பெரியப்பா, நான் அந்த இடத்தை விடையைப் பார்க்காமல் தாண்ட நான்கு நாள் ஆனது. இந்தக் காரணம் எனக்குத் தோன்றவே இல்லை.

தீபா: இதைக் கேட்டதும் எனக்கே ஆட வேண்டும் போல இருக்கிறது. பிஎஸ்5-இல் கிடைக்குமா?

கார்த்திக்: கிடைக்கும் அக்கா. பிஎஸ்4 பதிப்பு உங்கள் பெட்டியிலும் ஓடும். கடைசிப் பகுதியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு தளத்துக்காரர்களுக்கும் இன்னொரு தளத்துக்காரர்களுக்கும் நடுவே நாம் மொழிபெயர்ப்பாளராக நிற்க வேண்டிய இடங்கள் வரும். இவர் சொல்வதை அவர் எழுத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா இன்னும் அங்கே வரவில்லை, அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

பெரியப்பா: சொல்லாதே.

இரவு 9:15

தீபா: முடிவு செய்துவிட்டேன். வெண்பா, சென்னார், அந்த மலை ஏறுவது. மூன்றையும் வாங்கப் போகிறேன். ஸ்பைடர்மேனை அருண் தன் காசில் வாங்கிக் கொடுக்கட்டும்.

அருண்: பிறந்தநாளுக்கு வாங்கித் தருகிறேன் அக்கா. உறுதி.

கார்த்திக்: இந்த மூன்று விற்றாலும் அந்தச் சின்னக் குழுக்களுக்குப் பெரிய உதவி. இந்த வருடம் கேம் துறையில் ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வெண்பா, சென்னார், இந்தோனேசியாக் கதை மூன்றுமே விருது விழாவில் ஒரே பிரிவில் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. மூன்றுக்கும் கிடைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஜெயித்த ச்சியா, நியூ கலிடோனியாத் தீவுக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றியே செய்த கேம்.

சுமதி அத்தை: தீபா, அந்த இட்லி விளையாட்டை நான் ஊருக்கு வரும்போது எனக்கும் காட்டு.

தீபா: நீங்கள்தான் அத்தை ஆடப் போகிறீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அம்மா: எல்லோரும் சாப்பிட்டீர்களா? கார்த்தி, தோசை ஊற்றிவிட்டேன்.

இரவு 11:48

பெரியப்பா: நான்காம் தளத்தில் எண்களுக்கும் குறி இருக்கிறது. ஐந்து வரை கிடைத்துவிட்டது. ஆறும் எட்டும் குழப்புகின்றன. தூங்கிவிட்டாயா?

கார்த்திக்: இல்லை பெரியப்பா. கீழே வருகிறேன்.