முதல் பாட்டுக்கு வீடியோ எடுக்கிறோம், பேஸ் கிட்டார் வாசிப்பவன் ஊரில் இல்லை

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் நாங்கள் ஐந்து பேர் இரண்டு வருடமாகத் தமிழில் நு மெட்டல் (ராப் கலந்த ஹெவி மெட்டல்) வாசிக்கிறோம். முதல் பாட்டு ரெக்கார்டிங் முடிந்துவிட்டது, இனி வீடியோதான். எனக்கு மனதில் ஓடுவதெல்லாம் அமெரிக்க ராக் குழுவான லிங்கின் பார்க்கின் முதல் சிங்கிள் (தனியாக வெளியிட்ட பாட்டு), 2000-இல் வந்த ‘ஒன் ஸ்டெப் க்ளோசர்’ வீடியோ. அந்த இருட்டுச் சுரங்கமும் கூரையில் தலைகீழாகப் பாடும் பாடகர் செஸ்டர் பென்னிங்டனும் சின்ன வயதில் அண்ணனோடு உட்கார்ந்து பார்த்த நாளிலிருந்து கண்ணிலேயே நிற்கிறது. சிக்கல் என்னவென்றால், எங்கள் பேஸ்காரன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான், லீவு கிடைப்பது கஷ்டம். அவன் இடத்தில் வேறு ஒருவரை நிறுத்தி எடுத்தால் அது பொய்யாகிவிடாதா? இடமும் வேண்டும். கீழக்குயில்குடி சமணர் மலையில் எடுக்கலாம் என்று நினைத்தோம். கையில் இருப்பது 15,000 ரூபாய்.

பழைய_கேசட்:
தம்பி, நீ சொல்லும் வீடியோவையே இன்னொரு தடவை உற்றுப் பார். அதில் பேஸ் வைத்திருப்பவர் குழுவின் பேஸ்காரர் டேவ் ஃபாரல் இல்லை, ஸ்காட் கோசியோல். ஃபாரல் அப்போது வேறொரு இசைக்குழுவோடு இருந்தார், அதனால் இந்தப் பாட்டு வந்த முதல் ஆல்பம் ‘ஹைப்ரிட் தியரி’ ரெக்கார்டிங்கிலேயே அவர் இல்லை. பெரும்பாலான பாட்டுகளுக்கு கிட்டார் வாசிக்கும் பிராட் டெல்சனே பேஸும் வாசித்தார், இந்தப் பாட்டில் மட்டும் கோசியோல். வாசித்தவரே வீடியோவிலும் நின்றார். அப்புறம் ஃபாரல் திரும்பி வந்துவிட்டார், இன்றுவரை குழுவில் இருக்கிறார். உங்கள் விஷயம் அதற்கு நேர்மாறு. உங்கள் பாட்டில் வாசித்தது உங்கள் பையன்தானே, அவன் விரல்தான் வீடியோவில் தெரிய வேண்டும். ஒரு நாள் காத்திருந்தாவது அவனை வைத்தே எடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டு நிற்பது சுரங்கத்தால் அல்ல. தயாரிப்பாளர் டான் கில்மோர் வரிகளைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதச் சொன்னதில் செஸ்டருக்கும் குழுவில் ராப் பாடும் மைக் ஷினோடாவுக்கும் ஏறிய எரிச்சல்தான் அந்தக் கத்தல், அதைக் கேட்கும்போதே தெரியும். ராப் பாடிப் பேர் வாங்கிய குழுவின் முதல் சிங்கிளில் ஷினோடாவுக்குத் தனி ராப் சரணம்கூடக் கிடையாது. குழுவின் டிஜே ஜோ ஹான் நடுவில் கொஞ்சம் டர்ன்டேபிளில் இசைத்தட்டைச் சுரண்டுகிறார், உடனே அந்தக் கத்தல், இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல் போனதும் பாட்டு முடிந்துவிடும். 2001-இல் டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய சிடியில் இதைப் போட்டுவிட்டு, முடிந்த கையோடு மறுபடி முதலிலிருந்து கேட்டேன். 2017 ஜூலையில் செஸ்டர் இறந்துபோன செய்தி வந்த அன்றும் அதைத்தான் கேட்டேன், முழுசாகக் கேட்க முடியவில்லை.

தறிக்கொட்டகை:
சமணர் மலை வேண்டாம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடம், முன்அனுமதி இல்லாமல் கேமரா, லைட் எல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதைவிட முக்கியம், ஆயிரம் வருடத்துச் சிற்பங்கள் இருக்கும் பாறையில் ஆம்ப்ளிஃபயரைச் சாய்த்து வைப்பதே தப்பு. கீழமாசி வீதிப் பக்கம் தெரிந்தவர் யாரிடமாவது காலிக் கிட்டங்கி இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் செல்லூரில் ஓடாமல் கிடக்கும் தறிக்கொட்டகை. தகரக் கூரையாக இருந்தால் ராத்திரியில் எடுங்கள், பகலில் உள்ளே நிற்க முடியாது.

கிரெகரி டார்க் இயக்கிய அந்த வீடியோவில் கம்பி கட்டிப் பறக்கும் துறவிகள், சண்டை எல்லாம் வரும். அது அவர்கள் பட்ஜெட், விட்டுவிடுங்கள். தலைகீழ் ஷாட்டுக்கு யாரையும் தயவுசெய்து தொங்கவிடாதீர்கள். பாடுபவரை நேராக நிறுத்தி எடுத்து எடிட்டிங்கில் படத்தைக் கவிழ்த்துவிட்டால் போதும். தரையில் ஒரு கம்பியை நட்டு அதன் நுனியில் பல்பைப் பொருத்துங்கள், கவிழ்த்தால் கூரையிலிருந்து தொங்குவது போல இருக்கும். பின்சுவரில் கதவு, ஜன்னல் தெரியக்கூடாது. ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதற்குத் தகுந்தபடி பாடச் சொல்லி நொடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்து 25-இல் ஓட்டுங்கள், உதடு சரியாகப் பொருந்தும். இதை ஒரு வாரம் முன்னாலேயே பழக வேண்டும், டிரம்ஸ் வாசிப்பவருக்குத்தான் ரொம்பக் கஷ்டம்.

மெழுகுவர்த்தி:
நான் சர்ச் கொயரில் பாடுகிறவள், மெட்டலும் கேட்பேன். உங்கள் பாடகரை நினைத்துத்தான் எழுதுகிறேன். ஷூட்டிங்கில் பாட்டு ஸ்பீக்கரில் ஓடினாலும் சும்மா வாயசைத்தால் கழுத்து நரம்பில் அது தெரிந்துவிடும், உண்மையாகக் கத்தித்தான் ஆக வேண்டும். அதையே இருபது டேக் செய்தால் தொண்டை போய்விடும். கத்தும் ஷாட்டுகளை முதல் ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிடுங்கள். எரிச்சலோ வலியோ வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிட வேண்டும், குசுகுசுவென்று பேசவும் கூடாது. வெந்நீர் ஒரு ஃபிளாஸ்க் நிறைய வையுங்கள்.

வைகைக்கரை:
அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. கோசியோல் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, இத்தனை வருடம் அது ஃபாரல் என்றே நினைத்திருந்தேன். நேற்றே பேஸ்காரனுக்கு போன் போட்டேன். ‘என்னை விட்டுட்டு எடுத்துடாதீங்கடா’ என்று அவனே சொன்னான், ரொம்ப நேரம் இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறான். செல்லூர்க் கொட்டகை ஓனர் கரண்டுக் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார். தறிக்கொட்டகை அண்ணே, அந்த பல்புக் கம்பி எத்தனை அடி உயரம் இருந்தால் சரியாக வரும்?

தறிக்கொட்டகை:
மூன்றடி. வயரைக் கம்பியோடு ஒட்டிச் சுற்றிவிடு, தொய்ந்தால் காட்டிக்கொடுத்துவிடும். சனிக்கிழமை ராத்திரி நானும் வருகிறேன், என்னிடம் இரண்டு லைட் சும்மா கிடக்கிறது.