ரீஸை வாக்கர் தள்ளினானா, அவனே நழுவினானா?

அஸ்தம்பட்டிக்காரன்:
பழிவாங்கும் கதைகள் இழையில் மலைமேல் இருக்கும் நண்பர் ஒருவர் 'பாயிண்ட் பிளாங்க்' பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "துரோகம் செய்த கூட்டாளியை மாடியிலிருந்து தள்ளிக் கொன்று வாக்கர் கணக்குத் தீர்க்கிறான்" என்கிறார். 1967-ல் ஜான் பூர்மன் எடுத்த படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. அல்காட்ராஸ் சிறையில் வாக்கரைச் சுட்டுப் போட்டுவிட்டு, அவன் பங்கு 93,000 டாலரோடு அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனவன் ரீஸ். வாக்கர் தேடி வந்து அவனைப் படுக்கையிலிருந்து இழுக்கிறான். சுற்றியிருக்கும் விரிப்பைத் தவிர ரீஸ் உடம்பில் பொட்டுத் துணி இல்லை. மாடி விளிம்பில் நடக்கும் இழுபறியில் விரிப்பிலிருந்து நழுவிக் கீழே போகிறான். வாக்கர் கையில் துணி மட்டும் மிஞ்சுகிறது. தள்ளவில்லை. நழுவினான்.

ஏற்காடு காபிக்காரர்:
அந்த நண்பர் நான்தான். பெயர் சொல்லியே எழுதியிருக்கலாம். எங்கள் ஏற்காட்டு மலையுச்சியில் இருக்கும் லேடீஸ் சீட் விளிம்பில் ஒருவனை அவன் வேட்டியைப் பிடித்து நிறுத்துகிறேன் என்று வையுங்கள். அவன் விழுந்துவிட்டால், "நான் வேட்டியைத்தான் பிடித்திருந்தேன், ஆள் நழுவிவிட்டார்" என்று சொன்னால் போலீஸ் விட்டுவிடுமா? கொலைதான் சார். தள்ளினான் என்று எழுதினேன், அதையேதான் இப்போதும் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டிக்காரன்:
போலீஸ் என்ன சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை. வாக்கரின் கை தள்ளியதா? எந்த ஷாட்டில்? அதை மட்டும் சொல்லுங்கள்.

சொல்ல முடியாது. ஏனென்றால் படம் முழுக்கவே வாக்கர் தன் கையால் யாரையும் கொல்வதில்லை. மனைவி லின் தூக்க மாத்திரை விழுங்கிச் சாகிறாள். ரீஸுக்கு மேலே இருந்த குற்றக் கும்பலின் பெரும்புள்ளி கார்ட்டர், வாக்கரைத் தீர்த்துக்கட்ட ஆள் வைத்தான். வாக்கரோ பணப் பொட்டலத்தை எடுக்க கார்ட்டரையே அனுப்புகிறான். கூலிக்கு வந்தவன் தூரத்திலிருந்து சுட்டதில் கார்ட்டரும் போனான், பின்னாலேயே கும்பலோடு தொடர்புள்ள கார் வியாபாரி ஸ்டெக்மனும் போனான். பொட்டலத்தைப் பிரித்தால் வெறும் காகிதம். கடைசியில் கும்பலின் இன்னொரு பெரும்புள்ளி ப்ரூஸ்டரைச் சாய்ப்பதும் அதே கூலிக்காரன் துப்பாக்கிதான். மனைவி வீட்டுக்குள் பாய்ந்து வாக்கர் ஆத்திரத்தோடு சுட்டது எதை? காலிப் படுக்கையை! இவ்வளவு பெரிய கோபம், சுட ஆளில்லை. இதைப் பார்த்த பிறகும் "தள்ளிக் கொன்றான்" என்று எழுத ஒருவருக்கு மனம் வருகிறதே.

செவ்வாய்ப்பேட்டை செல்வி:
மூலக்கதையில் சந்தேகத்துக்கே இடமில்லை. டொனால்ட் வெஸ்ட்லேக், ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற பெயரில் 1962-ல் எழுதிய 'தி ஹன்ட்டர்'. அதில் வாக்கரின் பெயர் பார்க்கர். கூட்டாளியை வெறும் கையால் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். கேட்பதும் 93,000 இல்லை, 45,000. பூர்மன்தான் அதை விரிப்பும் மாடியுமாக மாற்றினார்.

ஏற்காடு காபிக்காரர்:
பார்த்தீர்களா! செல்வி அக்காவே கொலை என்கிறார்.

செவ்வாய்ப்பேட்டை செல்வி:
நான் நாவலைச் சொன்னேன் தம்பி. என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
நாவலை இழுத்தால் அதே கதையை வைத்து 1999-ல் மெல் கிப்சன் நடித்த 'பேபேக்'கையும் இழுக்க வேண்டும். அதில் தொகை 70,000. இதற்கெல்லாம் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். தள்ளினானா, நழுவினானா? நழுவினான்.

பழைய டிக்கெட்:
வாக்கர் அந்தச் சிறை அறையிலேயே செத்துவிட்டான், மிச்சமெல்லாம் சாகும் நேரத்து நினைப்பு என்று ஒரு பார்வை உண்டு. கடைசியில் பணம் கண்முன்னே கிடந்தும் இருட்டை விட்டு அவன் வெளியே வருவதில்லை. செத்தவன் தள்ளினால் என்ன, தள்ளாவிட்டால் என்ன?

அஸ்தம்பட்டிக்காரன்:
செத்தவனாகவே இருக்கட்டும். செத்தவனும் தள்ளவில்லை.

ஏற்காடு காபிக்காரர்:
இவருக்கு யார் பேசினாலும் காதில் விழாது. வாக்கராக நடித்த லீ மார்வின் பற்றிய இழையில் நான் எழுதிய பதிவை நிர்வாகியிடம் சொல்லி நீக்க வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். நீள நடைபாதையில் டக் டக்கென்று அவர் நடந்து வரும் காட்சியைப் பற்றி ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியது அது. வாரக் கடைசியானால் கொண்டை ஊசி வளைவு இருபதையும் அடைத்துக்கொண்டு ஏறி வந்து பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு இறங்கும் ஊர்க்காரர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அஸ்தம்பட்டிக்காரன்:
நான் எந்தப் பாட்டிலையும் உடைத்ததில்லை. ஊரை இழுக்காதீர்கள். டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ நடத்திய ஊர் எங்கள் சேலம். நூற்றுக்கும் மேல் படங்கள் வெளிவந்த இடம். ஜெய்சங்கரைத் துப்பாக்கியோடு ஓடவிட்டுத் துப்பறியும் படங்கள் எடுத்த கம்பெனி. திருட்டும் துரோகமும் திரையில் எப்படி நடக்கும் என்று எங்களுக்கு மலையிலிருந்து யாரும் இறங்கி வந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏற்காடு காபிக்காரர்:
மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த சாலைக்கு என்ன பெயர் சார்? ஏற்காடு சாலை!

செவ்வாய்ப்பேட்டை செல்வி:
அதற்காக அது ஏற்காடு ஆகிவிடுமா? இன்று அங்கே நிற்கும் ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு சேலத்தில்தான் நிற்கிறது. இந்த விஷயத்தில் நான் அஸ்தம்பட்டிக்காரர் பக்கம். ரீஸ் விஷயத்தில் இல்லை.

அஸ்தம்பட்டிக்காரன்:
ரீஸ் விஷயத்தில் ஏன் இல்லை? விரிப்பு எதற்காக வாக்கர் கையில் மிஞ்ச வேண்டும்? தள்ளுகிறவன் கை வெறுமையாக இருக்கும். பிடித்திருந்தவன் கையில்தான் துணி இருக்கும்.

ஏற்காடு காபிக்காரர்:
பிடித்து விளிம்புக்கு இழுத்து வந்தது யார் கை?

அஸ்தம்பட்டிக்காரன்:
இழுத்தது வேறு, தள்ளியது வேறு. ஷாட்டைச் சொல்லுங்கள், பேசுவோம்.

பழைய டிக்கெட்:
அந்த நுழைவாயில் வளைவு இருக்கும் இடம் கன்னங்குறிச்சிப் பக்கமா, கோரிமேட்டுப் பக்கமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை செல்வி:
அதில் என்ன முடிவு செய்ய இருக்கிறது? தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறேன்.