ரெசின் ஓரமாக ஓடிவிடுகிறது, மாடலில் எப்படிக் கொண்டுவருவது?

மக்களே, ஆர்டிஎம் (அச்சுக்குள் வைத்த இழைத் துணியில் ரெசினைச் செலுத்திப் பாகம் செய்யும் முறை) செய்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். 60 செ.மீ. நீளத் தட்டு, 3 மி.மீ. கனம், உள்ளே கண்ணாடி இழைத் துணி, ஒரு முனையில் ரெசின், மறுமுனையில் வாக்குவம். துளையுள்ள பொருளுக்குள் திரவம் ஓடுவதைச் சொல்லும் டார்சி விதியை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டேன்: ஊடுருவுதிறன் 10⁻¹⁰ ச.மீ., பாகுத்தன்மை 0.2 பாஸ்கல் விநாடி, துளைப்பங்கு 0.5, அழுத்த வேறுபாடு 1 பார். நிரம்ப 30 நிமிடம் என்று வந்தது, ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளும் கிட்டத்தட்ட அதையே சொன்னது, சரி என்று நிம்மதியாக இருந்தேன்.

அச்சில் ரெசினை விட்டால் கதையே வேறு. துணிக்கும் அச்சுச் சுவருக்கும் நடுவே 1 மி.மீ. இருந்தால் அதிகம், அந்தச் சந்தில் புகுந்து ஓரமாகவே ஓடி வென்ட்டை (காற்று வெளியேறும் துளையை) அடைத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நனையாத வெள்ளைத் துணி. (வெட்டியது நான்தான், கத்தரிக்கோலைக் குறை சொல்ல முடியாது.)

இப்போது மாடலில் ஓரச் செல்களுக்கு (கணக்குக்காகப் பிரித்த சிறு கட்டங்களுக்கு) மட்டும் இடைவெளியின் வர்க்கத்தை 12-ஆல் வகுத்து ஊடுருவுதிறனாகக் கொடுக்கிறேன். 1 மி.மீ. என்று வைத்தாலே துணியை விட 800 மடங்குக்கு மேல் போகிறது, டைம் ஸ்டெப் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு) சுருங்கிச் சுருங்கி ரன் நகரவே மாட்டேன் என்கிறது. இதை அப்படியே வைக்கலாமா, இல்லை சோதனையில் ஓரத்தில் ஓடிய வேகத்துக்குப் பொருத்திக் குறைப்பதா? ஓரத்துக்கு எத்தனை செல் போடுகிறீர்கள்? அப்புறம், நடுவில் சிக்கும் காற்றைத் தனியாகக் கணக்கில் எடுக்கிறீர்களா?